கோணல் வட்டம்

நகர வேண்டாம் அண்ணாச்சி, இந்த இடம் எனக்குப் போதும். நான் ஒல்லிதான். முன்னால இப்படி இல்ல, இந்த ஒரு வருஷத்துலதான் சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிப்போச்சு. எல்லாம் ஓட்டல் சாப்பாடு. நீங்க திருச்செந்தூருக்கா? சாமி கும்பிடவா? நல்லது, நல்லது. நான் ஆழ்வார்திருநகரில இறங்கி நாசரேத் போகணும். அங்க சொந்தபந்தம்லாம் கிடையாது. ஒருத்தனைப் பாக்கணும். பாத்து ஒரு கேள்வி கேக்கணும். ஆமா, அதுக்குத்தான் ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில்ல உக்காந்து வந்து இந்த பஸ்ல ஏறிருக்கேன்.

என்ன வேலைன்னா கேக்கறீங்க? கோவிச்சுக்காதீங்க, சொன்னா என் மச்சினனுக்கே இன்னும் புரியல. ஊர்ல எல்லார்கிட்டயும் எங்க மச்சான் கரண்ட் ஆபீஸ்ல இருக்காருன்னு சொல்லி வச்சிருக்கான். போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். நீங்க கேட்டதால சொல்றேன். எலக்ட்ரானை வேகமா ஓட்டுற எந்திரம்னு ஒண்ணு இருக்கு. ஒரு தெரு நீளத்துக்கு இருக்கும். ஆஸ்பத்திரிக்கு, ஆராய்ச்சிக்கு, நூறு காரியத்துக்கு அது வேணும். அந்தத் தெருவுக்கு ஒரு முனை உண்டுல்ல, எலக்ட்ரான் பிறக்கிற முனை? அதுக்கு இன்ஜெக்டர்னு பேர். நாங்க சுருக்கமா கன்னுன்னு சொல்லுவோம். துப்பாக்கியான்னு போலீஸ்காரர் ஒருத்தர் ஒரு தடவை என் பையைத் திறக்கச் சொன்னார். துப்பாக்கி இல்லய்யா, அது ஒரு செம்புப் பாத்திரம்னேன். சோறு வடிக்கவான்னு கேட்டார்.

நெசமாவே செம்புப் பாத்திரம்தான். உள்ள காத்து இருக்கக் கூடாது, தூசி இருக்கக் கூடாது, விரல் ரேகை ஒண்ணு பட்டா போச்சு. பின்பக்கம் கண்ணாடி கணக்காத் தேச்ச ஒரு செம்பு முகம் இருக்கும், கேத்தோடுன்னு பேர். அதுல லேசரை அடிச்சா எலக்ட்ரான் பொலபொலன்னு கொட்டும். கொட்டறது பெரிசில்ல. எலக்ட்ரானுக்கும் எலக்ட்ரானுக்கும் ஆகாது, பங்காளிங்க மாதிரி. பிறந்த உடனே ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு மூலைக்கொண்ணா சிதறப் பாக்கும். சிதறுறதுக்குள்ள மொத்தத்தையும் ஒரே பக்கமா வெரட்டி அனுப்பணும். அந்த முதல் ஒரு சாண் தூரம்தான் என் உத்தியோகம். முப்பது வருஷமா அந்த ஒரு சாண்தான். அங்க கெட்டுப்போச்சுன்னா அப்புறம் தெரு முழுக்க கோடி கோடியாக் கொட்டினாலும் சரியாகாது. முதல் கோணல் முற்றும் கோணல்னு பெரியவங்க எங்களுக்காகவே சொல்லி வச்சிருக்காங்க. என் ரூம் போர்டுல அதைத்தான் எழுதி வச்சிருந்தேன்.

கோமளா அதைப் பாக்கும்போதெல்லாம் சிரிப்பா. கோமளா என் சம்சாரம். அவளும் அங்கதான் வேலை, எனக்கு ரெண்டு ரூம் தள்ளி. செம்புப் பாத்திரம் நான் வரைஞ்சது. அதைச் சுத்தி ஒரு காந்தம் வரும், அது அவ போட்ட கணக்கு. சிதறப் போறதையெல்லாம் மறுபடி ஒண்ணாச் சேத்து அனுப்பறது அந்தக் காந்தம்தான். அவ கணக்குல நான் ஒரு தப்புக் கண்டுபிடிச்சதில்ல, பாத்துக்கோங்க. கண்டுபிடிக்கணும்னு எத்தனை நாள் உக்காந்திருக்கேன்! எங்களுக்குக் குழந்தை இல்ல. நானே சொல்லிட்டேன், நீங்க கேக்க வேண்டாம்.

அந்த ஆராய்ச்சிக்கூடம் பேர் எதுக்கு, விடுங்க. சர்க்கார் இடம், ஆந்திரா பக்கம். கன்னை வெளிநாட்டுல வாங்கிப் போட்டுரலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அவளும்தான் மாட்டேன்னு நின்னோம். நாமளே பண்ணுவோம்னு பண்ணினோம். பல வருஷம் ஆச்சு, இல்லங்கல. படம் ஒர்க்‌ஷாப்புக்குப் போனப்புறம் திருப்பி வாங்கினேன். ஒரு தடவை இல்ல, பல தடவை. ஒரு வளைவை இன்னும் கொஞ்சம் மழுக்கினா பீம், அதான் அந்த எலக்ட்ரான் கத்தை, இன்னும் கொஞ்சம் நல்லா வரும்னு தெரியுது. தெரிஞ்சப்புறம் எப்படி விடறது? நீங்க விடுவீங்களா? அப்ப கோமளா சொல்லுவா, "ஏங்க, தோசையை ஒரு தடவை திருப்பிப் போடலாம். திருப்பிக்கிட்டே இருந்தா எப்பங்க திங்கறது?" ரூம்ல இருக்கறவங்கல்லாம் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன். ஆனா படத்தைத் திருத்திட்டுத்தான் குடுத்தேன்.

கடைசியில கன்னு உருவாகி நின்னுச்சு அண்ணாச்சி. செம்பு பளபளன்னு. அதுக்கு மெல்ல மெல்லப் பவர் ஏத்தணும். அவசரத்துல அண்டாக்குள்ள கூட கை போகாதுங்கறது இந்த வேலைக்கு ரொம்பப் பொருந்தும். கொஞ்சம் ஏத்தணும், உள்ள பொறி தட்டினா குறைக்கணும், மறுபடி ஏத்தணும். வாரக்கணக்கா அதே வேலைதான். அதுக்கு நான் ஒரு ஆளைப் போட்டிருந்தேன், ஜெபசிங்னு பேர். நாசரேத்துக்காரன். இப்ப நான் பாக்கப் போறது அவனைத்தான். கெட்டிக்காரன், அதை நான் மறைக்க மாட்டேன். கோமளாவுக்கு அவன் மேல உசிரு. அக்கா அக்கான்னு அவ பின்னாலயே திரிவான். அவன் பொண்டாட்டி மீன் குழம்பு வச்சா எங்க வீட்டுக்கு ஒரு கிண்ணம் வந்துரும்.

அந்தச் சமயத்துலதான் கோமளாவுக்கு வயித்து வலி. அல்சர்னு நினைச்சோம். மோர் குடிச்சா, மாத்திரை போட்டா, எதுக்கும் கேக்கல. மெட்ராஸ் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தா கணையத்துல கேன்சர்ங்கறாங்க. ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிருச்சுன்னுட்டாங்க. நான் டாக்டர்கிட்ட நேராக் கேட்டேன், எவ்வளவு நாள்? அவர் அவளைப் பாத்தார், என்னைப் பாத்தார். "ஆறு மாசம் வரைக்கும் சொல்லலாம்"னார். நான் அதைக் குறிச்சுக்கிட்டேன்.

திரும்பி வந்தா இங்க இன்னொரு இடி. நான் இல்லாத நாள்ல உள்ள பெரிய பொறி ஒண்ணு தட்டி, கேத்தோடு ஓரத்துல பள்ளம் விழுந்துருச்சு. ஜெபசிங் பவரை ஏத்தினது கொஞ்சம் வேகம். அவன் இல்லன்னான், நான் ஆமான்னேன். பள்ளம் விழுந்த கேத்தோடு லேசர் அடிக்காமலே எலக்ட்ரானைக் கசிய விடும். கூப்பிடாத விருந்தாளி மாதிரி அது பாட்டுக்கு வந்து நிக்கும். பீம் வரும், ஆனா அசிங்கமா வரும்.

பீம் கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி. வழியில ஒரு சின்னத் தகடு வைப்போம். பீம் அதுல பட்டா பட்ட இடம் பச்சையா மின்னும். அதைக் கேமரா எடுத்து கன்ட்ரோல் ரூம் ஸ்கிரீன்ல காட்டும். நல்ல பீம்னா நகக்கண்ணு அளவுக்கு ஒரு வட்டம், காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி. பள்ளத்தோட போட்டா என்ன வரும்? கோணலா, சுத்தி மூட்டமா, ஒரு பக்கம் வால் வச்சு வரும். நாய் மிதிச்ச கோலம்.

கோமளா அதைத்தான் கேட்டா. வீட்டுக் கட்டில்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "கோணலா இருந்தா இருந்துட்டுப் போகுதுங்க. ஒரு தடவை போட்டுப் பாத்துருவோமே"ன்னா. நான் சொன்னேன், "இத்தனை வருஷம் கழிச்சு முதல் பீம் வருது. அதை அழுக்கா உன் கண்ணுல காட்டுவேனா? புது கேத்தோடு மாத்தி, வட்டமா, சுத்தமா, உன் காந்தக் கணக்கு எப்படியோ அப்படியே வரவச்சுக் காட்டறேன்." அவ சொன்னா, "எனக்கு வட்டம் வேண்டாங்க. வந்தா போதும்." உடம்பு முடியாதவங்க அப்படித்தான பேசுவாங்க. அதை நாம கணக்குல எடுக்க முடியுமா?

நான் ஒண்ணும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லல. கணக்குப் போட்டேன். கேத்தோடு வரணும், கன்னைத் திறந்து மாத்தணும், மூடி, காத்தை எடுத்து, நாள்கணக்கா சூடு பண்ணி உள்ள ஒட்டியிருக்கற ஈரத்தை விரட்டணும், மறுபடி பவர் ஏத்தணும். எல்லாம் சேத்து அஞ்சு மாசம். டாக்டர் சொன்னது ஆறு. ஒரு மாசம் கையில மிச்சம் இருக்கு. அவகிட்டயே பேப்பர்ல போட்டுக் காட்டினேன். அவ ரொம்ப நேரம் அந்தப் பேப்பரைப் பாத்தா. அப்புறம் "சரிங்க"ன்னா.

சரின்னு சொன்னா அண்ணாச்சி. அவ வாயால சரின்னு சொன்னா. அவ தங்கச்சி இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேச மாட்டேங்கறா, ஆனா அந்தச் சரியை அவகிட்ட யார் எடுத்துச் சொல்றது?

கேத்தோடு ஐதராபாத்ல ஒரு இடத்துல தேய்க்கக் குடுத்திருந்தேன். வாங்கிட்டு வர நானே போனேன். கூரியர்ல போட்டா யார் எப்படித் தூக்கி வீசுவான்னு தெரியாது. போன நேரம் சரியில்ல. நாளைக்குத் தர்றோம், நாளைக்குத் தர்றோம்னு இழுத்து, சரஸ்வதி பூஜை லீவு வந்துருச்சு. பட்டறையை மூடிட்டுப் போயிட்டாங்க. திரும்பிட்டு மறுபடி வந்தா நாள் வீணாகும்னு அங்கயே லாட்ஜ்ல கிடந்தேன். மூட்டைப்பூச்சி. ஒரு கண்ணுக்குத் தூக்கமில்ல. கோமளாவுக்குப் போன் பண்ணினா, "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க முடிச்சுட்டே வாங்க"ன்னா. ஜெபசிங் பொண்டாட்டி கஞ்சி வச்சுக் குடுக்கறான்னா. எனக்கும் நிம்மதிதான்.

பூஜைன்னதும் ஞாபகம் வருது. எங்க இடத்துல ஆயுத பூஜை அமர்க்களமா இருக்கும். பொரி, கடலை, பூசணிக்காய், பம்புக்கெல்லாம் சந்தனப் பொட்டு. முந்தின வருஷம் எவனோ ஒரு புண்ணியவான் பக்தி முத்திப்போய் கன்னு விளிம்புலயே சந்தனத்தை அப்பிட்டான். நான் போட்ட சத்தத்துல பூஜை பண்ணின ஐயர் தட்டைப் போட்டுட்டு ஓடினார். அந்த வருஷம் ஐதராபாத் கிளம்பறதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன், பொட்டு வைக்கணும்னா வெளிய கான்கிரீட் கதவுக்கு வைங்க, உள்ள ஒரு பயலும் போகக் கூடாது. நான் வர்ற வரைக்கும் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாதுன்னும் சொன்னேன்.

திரும்பி வந்து கன்னைத் திறந்தோம். சுத்தமான நைட்ரஜனை உள்ள விட்டு, கையுறை போட்டு, மூச்சைப் பிடிச்சு, புது கேத்தோடை வச்சேன். அவ்வளவு அழகா உக்காந்துச்சு. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். கோமளா கேட்டுக்கிட்டா, தலையாட்டினா. இதுல ஒண்ணு கவனிக்கணும் அண்ணாச்சி. நான் ஐதராபாத் போய்ட்டு வந்தப்புறம் அவ பீமைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கு முன்னால தினம் கேப்பா, எப்பங்க, எப்பங்கன்னு. அப்புறம் கேக்கவே இல்ல. பரவால்ல, நம்ம பக்கம் இருக்கற நியாயம் புரிஞ்சுருச்சுன்னு நான் நினைச்சேன். சந்தோஷமாக் கூட இருந்தா. தலையணையில சாஞ்சுக்கிட்டு என்னையே பாத்துட்டிருப்பா. நான் லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு, சூடு எத்தனை டிகிரி ஏறிருக்குன்னு சொல்லிட்டிருப்பேன்.

மூணாவது மாசம் முடியல, போயிட்டா.

கன்னைச் சுத்தி அலுமினியத் தாள் போட்டு சூடு ஏத்தி வச்சிருந்த சமயம். நான் டிகிரி பாக்கப் போனேன். குவார்ட்டர்ஸ்லேர்ந்து நடக்கற தூரம்தான். போகும்போது தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேண்டாம்னு கையைக் காட்டினா. திரும்பி வரும்போது ஜெபசிங் பொண்டாட்டி வாசல்ல நின்னுட்டிருந்தா. நான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள போறேன், அந்தப் பொண்ணு கதவோரமா ஒதுங்கி வழி விட்டா.

டாக்டருக்குப் போன் பண்ணினேன். ஆமா, பண்ணினேன். ஆறு மாசம்னு சொன்னீங்களேய்யான்னு கேட்டேன். அவர் என்னமோ இங்கிலீஷ்ல ஆறுதல் சொல்றார். நாங்க ஒரு எண்ணைச் சொன்னா அதுல கூடக்குறைய எவ்வளவு இருக்கும்னு சேத்துத்தான் சொல்லுவோம். அவர் சொன்னாரா? சொல்லியிருந்தா நான் வேற மாதிரி கணக்குப் போட்டிருப்பேன்ல? அவர் மேல கூட எனக்கு அவ்வளவு கோவம் இல்ல. கோமளா மேலதான். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். எதுக்குமே அவசரப்படாத பொம்பளை அவ. இதுல மட்டும் என்ன அவசரம் சொல்லுங்க? கணக்குப் படிதான் எல்லாம் நடந்துச்சு. நான் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலயே பீம் வந்துருச்சு.

வந்துச்சு அண்ணாச்சி. எப்படி வந்துச்சுங்கறீங்க! வட்டம். சுத்தமான பச்சை வட்டம். மூட்டம் இல்ல, வால் இல்ல. அவ காந்தத்தைக் கணக்குல சொன்ன இடத்துல வச்சோம், ஒரு மயிரிழை திருப்ப வேண்டி வரல. ரூம் முழுக்கக் கைதட்டு. டைரக்டர் வந்தார், மைசூர்பாகு வந்துச்சு. நான் வாயில போட்டேன். மண்ணு மாதிரி இருந்துச்சு. முழுங்கிட்டேன். டைரக்டர் எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டு, "நம்ம கோமளா மேடம்தான் இதைப் பாக்கக் குடுத்து வைக்கல"ன்னார். அவ்வளவு நேரம் நின்ன ஜெபசிங் விருட்டுன்னு வெளிய போனான்.

என்னடான்னு நான் பின்னாலயே போனேன். வராந்தா செவுத்துல தலையை முட்டிக்கிட்டு அழறான். என்னைப் பாத்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டான். "சார், வருத்தப்படாதீங்க சார். அக்கா பாத்துட்டாங்க"ன்னான்.

எதைடா பாத்தாங்கறேன்.

"பீமை சார். விஜயதசமி அன்னிக்கு. நீங்க ஐதராபாத்ல இருந்தீங்க. அக்கா பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து நின்னாங்க. நடக்கவே முடியல சார் அவங்களுக்கு. 'நேத்து பூஜையில வச்ச ஆயுதத்தை இன்னைக்கு எடுக்கணும்டா தம்பி, அதுதான் முறை'ன்னாங்க. நான் கிறிஸ்தவன், எனக்கு என்னக்கா தெரியும்னேன். 'அப்ப எனக்காக எடு'ன்னாங்க. என்னால மாட்டேன்னு சொல்ல முடியல சார்."

பள்ளம் விழுந்த அந்தக் கேத்தோடை வச்சே ஓட்டிருக்கான். கம்மிப் பவர்ல. லீவு நாள், கன்ட்ரோல் ரூம்ல ஆள் இல்ல. ஸ்கிரீன்ல பச்சையா ஏதோ வந்திருக்கு. இவ பாத்திருக்கா. பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? "போதும்டா. அவர் வர்றதுக்குள்ள அணைச்சுரு. படம் ஏதும் சேத்து வைக்காத. அவருக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிருவார்"னாளாம். பாத்தீங்களா? பண்றது தப்புன்னு அவளுக்கே தெரிஞ்சிருக்கு!

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அது என் கன்னு அண்ணாச்சி. என் வாழ்க்கையில முதல் பீம். நான் மூட்டைப்பூச்சி கடியில கிடக்கறேன், யாருக்காக? அவளுக்காக. இங்க ரெண்டு பேரும் சேந்து முதல் பீமைப் பாத்து முடிச்சுட்டாங்க. நான் அத்தனை பேர் முன்னால பிறந்த குழந்தையைத் தூக்கின மாதிரி நிக்கறேன், அது ஏற்கனவே பிறந்து, பேர் வச்சு, புதைச்சது! அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்கு மேல என் பக்கத்துல படுத்திருக்கா, ஒரு வார்த்தை சொல்லல. நான் டிகிரி சொல்ல, அவ தலையாட்டிட்டிருந்தா.

எழுதிக் குடுத்தேன். மேலிடத்துக்கு ரெண்டு வரி. அனுமதி இல்லாம எந்திரத்தை ஓட்டினான்னு. உள்ளதைத்தான் எழுதினேன். கதிர்வீச்சு இருக்கற இடம், பாதுகாப்பு விதி இருக்கு, நாளைக்கு யாருக்காவது ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது? கோமளா பேரை நான் இழுக்கல. அவனும் இழுக்கல. விசாரணையில, நானாத்தான் ஓட்டினேன், ஆசையா இருந்துச்சுன்னு சொல்லிட்டான். அவனைப் போன்னு நான் சொல்லல. அவனா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். இப்ப ஊர்ல ஒரு பாலிடெக்னிக்ல பாடம் எடுக்கறான்னு கேள்வி. அவ்வளவு நல்ல கை, பாலிடெக்னிக்ல ஓம்ஸ் லா நடத்திக்கிட்டு இருக்கு.

பூ வாங்கிருக்கீங்களா அண்ணாச்சி? வாசனை வருது. இல்ல இல்ல, மடியிலயே வச்சுக்கோங்க.

அதுக்கப்புறம் எனக்கு அந்த ஸ்கிரீனைப் பாக்கப் பிடிக்கல. தினம் வட்டம் வருது. எல்லாரும் ஆகா ஓகோங்கறாங்க. வெளிநாட்டுக்காரன் வந்து படம் எடுத்துட்டுப் போறான். எனக்கு அதைப் பாத்தா, இது அவ பாத்தது இல்லங்கறது மட்டும்தான் தோணுது. அவ பாத்தது எப்படி இருந்திருக்கும்? அது யார்கிட்டயும் இல்ல. பழைய கேத்தோடு என் டிராயர்ல கிடக்கு. எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சு அந்தப் பள்ளத்தை அளந்தேன். ஆழம், அகலம் எல்லாம். அதை வச்சு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன். காந்தத்தை இவ்வளவு வச்சிருந்தா இப்படி, பவர் இவ்வளவு இருந்தா இப்படின்னு, கோணல் கோணலா எத்தனையோ வந்துச்சு. ஒண்ணு வால் மேல போகுது, இன்னொண்ணு பிறை மாதிரி வளையுது. எல்லாத்தையும் பிரிண்ட் போட்டு சாப்பாட்டு மேஜையில பரப்பி வச்சிருக்கேன். சாப்பிட இடமில்ல. எது அவளுதுன்னு மட்டும் தெரியல. முப்பது வருஷமா கோணலை எப்படி எடுக்கறதுன்னு பாத்தவன், இப்ப ஒரு கோணலை வரவைக்கத் தெரியாம உக்காந்திருக்கேன்.

அதைப் பாத்தது ரெண்டே பேர். ஒருத்தி போயிட்டா. சரி, வெக்கத்தைப் பாத்தா முடியாதுன்னு முந்தாநாள் ஜெபசிங்குக்குப் போன் பண்ணினேன். எடுத்த உடனே, "சார், நல்லாருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"ங்கறான். அதெல்லாம் இருக்கட்டும்டா, அன்னிக்கு ஸ்கிரீன்ல வந்தது எப்படி இருந்துச்சு, வால் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், மூட்டம் முழுக்க இருந்துச்சா பாதியான்னு வரிசையாக் கேட்டேன்.

"தெரியாது சார்"ங்கறான். "பச்சையா ஏதோ வந்துச்சு. நான் சரியாப் பாக்கல."

எனக்குக் கோவம் வந்துருச்சு. பாக்கலயா? நாட்டுலயே முதல் தடவையா நாமளே பண்ணின கன்னுலேர்ந்து பீம் வருது, ஸ்கிரீன் முன்னால உக்காந்திருக்க, பாக்கலன்னா என்னடா ஆபரேட்டர் நீ? உன்னை வேலைக்கு எடுத்ததே தப்பு, எதைத்தாண்டா நீ பாத்துட்டிருந்தன்னு கத்திட்டேன். நான் ஆபீஸ் வராந்தாவுல நின்னு பேசறேன், பக்கத்து லைப்ரரில இருந்து ஆளுங்க எட்டிப் பாக்கறாங்க.

அவன் மெதுவாச் சொன்னான். "அக்கா மூஞ்சியைப் பாத்துட்டிருந்தேன் சார்."

நான் போனை வச்சுட்டேன்.

இது செய்துங்கநல்லூர்தான? இல்ல, அது அப்பவே போயிருச்சா. ஸ்ரீவைகுண்டமும் தாண்டிருச்சா? சரி சரி. எனக்கு இந்தப் பக்கம் பழக்கமில்ல.

அவன் அப்படிச் சொன்ன உடனே நான் கேட்டிருக்கணும்ல? மூஞ்சி எப்படிடா இருந்துச்சுன்னு? அடுத்த கேள்வி அதுதான? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். என்னால கேக்க முடியல. வாய் வரைக்கும் வந்துச்சு, வெளிய வரல. மறுநாள் போனைக் கையில எடுத்து எடுத்து வச்சேன். போன்ல கேக்கற விஷயம் இல்ல அது. நேர்ல போய் உக்காந்து, அவன் ஒரு வாய் காப்பி குடுத்தா குடிச்சுட்டு, அப்புறம் கேக்கணும். ராத்திரியே ரயில் ஏறிட்டேன். வர்றேன்னு மட்டும் சொன்னேன். "பஸ் ஸ்டாப்புக்கு வண்டி எடுத்துட்டு வர்றேன் சார், வெயில்ல நடக்காதீங்க"ன்னான். நான் அவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டவன். அவன் வெயிலைப் பத்திப் பேசறான்.

இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணிருக்கேன் அண்ணாச்சி. என் பொண்டாட்டி மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு வெளியாள் ஒருத்தன்கிட்ட போய்க் கேக்கப் போறேன். இதைவிடக் கேவலம் ஒருத்தனுக்கு வருமா? வரட்டும். எனக்குத் தெரியணும். எனக்கு அவ வேணும், எப்படியாவது கொஞ்சம் வேணும்.

கோமளா லேசாச் சிரிச்சா ஒண்ணும் தெரியாது. நெசமாச் சிரிச்சான்னா வலது பக்கம் ஒரு தெத்துப்பல் வெளிய வந்துரும். அதுக்கு வெக்கப்பட்டுக் கையை வச்சு மூடிக்குவா. சீக்கு வந்தப்புறம் அந்தப் பல்லு எங்க போச்சுன்னே எனக்குத் தெரியல. ஞாபகப்படுத்திப் பாக்கறேன், வர மாட்டேங்குது. லேப்டாப்தான் வருது. அன்னிக்கு அந்தப் பல்லு தெரிஞ்சுச்சாடா, கையை வச்சு மூடினாளா, மூடாம சிரிச்சாளா, அதை மட்டும் சொல்லுடான்னு கேக்கணும்.

சொல்லுவான்ல அண்ணாச்சி? அவனுக்குத் தெரியும். அவன் பாத்திருக்கான்.